நூறில் நாற்பத்திரண்டு

ஒக்டோபர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மரியகொறற்றி ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டாள். வடவொளி வானொலியின் ஒடுங்கலான ஒலிபரப்பு அறையில் இருந்துகொண்டு, கட்டம் போட்ட பயிற்சிக் கொப்பியைப் பார்த்து அவள் வாசித்தது இவ்வளவுதான்.

“இண்டைய நிலவரத்திலை, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலை அவ வெல்லுறதுக்கு நூறிலை நாற்பத்திரண்டு வாய்ப்பு. அவர் வெல்லுறதுக்கு ஐம்பத்தெட்டு.”

‘அவ’ யார், ‘அவர்’ யார் என்று கேட்க ஒருவருமில்லை. சென்னையில் பிறந்த ஒரு தாயின் மகள் அங்கே வேட்பாளராகிறாள் என்று ஆடி மாதம் செய்தி வந்த நாளிலிருந்து, ஒஸ்லோவில் தமிழர் இருக்கும் வீடுகளில் ஒரு கலியாணக் களை வந்திருந்தது. தமிழ்நாட்டுக்காரர் ‘எங்க ஊர்ப் பொண்ணு’ என்றார்கள். யாழ்ப்பாணத்தாரும் தீவாரும் மன்னாராரும் ‘எங்கட பிள்ளை’ என்றார்கள். இந்த இரண்டு கூட்டமும் வழக்கமாக ஒரே மண்டபத்தில் இருந்தாலும் தனித்தனி மேசைகளில்தான் சாப்பிடும். இந்த ஒரு விசயத்துக்காக மேசைகளை ஒட்டிப் போட்டுவிட்டார்கள். தேர்தலுக்கு அடுத்த ஞாயிறு அம்மருட் மண்டபத்தில் புக்கை பொங்குவதென்று தீர்மானமாகி, சமையற் பொறுப்பாளர் கிறிஸ்ரி அக்கா அரிசிக்கும் பயறுக்கும் கடையில் சொல்லியும் வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் இந்த நாற்பத்திரண்டு.

நிகழ்ச்சியை நடத்திய அருட்செல்வம் ஒலிவாங்கிக்கு அந்தப் பக்கம் இருந்து கண்ணை உருட்டினார். தொலைபேசி விளக்குகள் நாலும் ஒன்றாக மினுங்கின. முதலில் வந்தது கிறிஸ்ரி அக்காதான்.

“கொறற்றி, உமக்கு அந்தப் பிள்ளையிலை என்ன கோவம்?”

“ஒரு கோவமும் இல்லை அக்கா.”

“அப்ப ஏன் குறைச்சுச் சொல்லுறீர்?”

“கூட்டிச் சொல்ல என்னட்டைக் காரணம் இல்லை.”

கொறற்றிக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னாருக்குப் பக்கத்தில் விடத்தல்தீவில் பிறந்தவள். ஒஸ்லோவுக்கு வந்த முதல் பத்து வருசமும் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கினாள். பிறகு மொழி படித்து, சோதனை எழுதி, சுரங்க ரயில் ஓட்டுநரானாள். அம்மருட்டில் அடுக்குமாடி ஒன்றின் எட்டாம் மாடியில் வீடு. கணவர் றொபின் ஸ்தவாங்கரில் எண்ணெய்த் தளம் ஒன்றில் சமையல். இரண்டு கிழமை கடலில், நாலு கிழமை வீட்டில். மகள் நிலூஜா பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள்.

ஐந்தாம் இலக்கப் பாதையில் வெஸ்ட்லிதான் கடைசித் தரிப்பு. அங்கே வண்டியைத் திருப்பி எடுக்கும்வரை கிடைக்கிற ஏழெட்டு நிமிசத்தில் மற்ற ஓட்டுநர்கள் கோப்பி குடிப்பார்கள். கொறற்றி கொப்பியைத் திறப்பாள். இழுபறியான ஏழு மாநிலங்களுக்கு ஏழு பக்கம். ஒவ்வொரு கருத்துக் கணிப்பும் வந்த திகதி, எத்தனை பேரைக் கேட்டார்கள், அதே நிறுவனம் முந்திய தேர்தல்களில் எவ்வளவு பிழைத்தது, எந்தப் பக்கமாகப் பிழைத்தது. உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போக முடியாமல் கப்பல் ஏறியவள் அவள். படித்தது வீண்போகவில்லை. இரண்டாயிரத்துப் பதினாறில், எல்லோரும் சிரித்துத் தள்ளிய ஒரு வேட்பாளருக்கு அவள் நூறில் முப்பது கொடுத்தாள். அவர் வென்றபோது அருட்செல்வம் அவளைத் தேடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிசம் தந்தார். அன்று தொடக்கம் அந்தப் பத்து நிமிசம் அவளுடையது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால், நிலூஜா சப்பாத்துக் கழற்றும் இடத்திலேயே நின்றாள்.

“அம்மா, நீங்கள் என்ன செய்து வைச்சிருக்கிறியள்? என்ர ஃபோனிலை எத்தனை பேர் மெல்டிங் எழுதியிருக்கினம் தெரியுமோ?”

“என்னவாம்?”

“உன்ர அம்மா அந்தாளின்ர பக்கமோ எண்டு கேக்கினம். நீங்கள் ஒரு பொம்பிளை. இஞ்சை வந்து கக்கூசு கழுவி, பிறகு ரயில் ஓட்டுறியள். உங்களை மாதிரி ஒரு தாய்க்குப் பிறந்த பொம்பிளைதானே அவவும்? நீங்களே நம்பாட்டி ஆர் நம்புறது?”

“நம்புறது வேறை, பிள்ளை. நான் எண்ணினனான்.”

“ஒரு நாலு கூட்டிச் சொன்னா என்ன குறைஞ்சுபோகும்? ஆருக்கு நட்டம்?”

கொறற்றி குளிரங்கியைக் கொழுவிவிட்டுக் குசினிக்குள் போனாள். பதில் இருந்தது. ஆனால் அது பதினாறு வருசமாக அவள் ஒருவருக்கும் சொல்லாதது.

அடுத்த கிழமை பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது, கொறற்றி முன் வாங்கில் நின்ற கிறிஸ்ரி அக்காவுக்குக் கையை நீட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற ஆளுக்கு இரண்டாந்தரம் கை கொடுத்தார். நீட்டிய கையைக் கொறற்றி உடனே மடக்கவில்லை. பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்கும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்த எல்லோரும் அதைக் கண்டார்கள். காணட்டும் என்றுதான் நின்றாள்.

அந்த ஞாயிறும் வானொலியில் நாற்பத்திரண்டு. அதற்கு அடுத்த ஞாயிறு நாற்பத்தொன்று. அதற்கு அடுத்தது திரும்ப நாற்பத்திரண்டு. ஸ்தவாங்கரிலிருந்து றொபின் மட்டும் எடுத்து, “நாற்பத்திரண்டோ? சரி, நீ எண்ணினா எண்ணினதுதான். சாப்பிட்டனியோ?” என்று கேட்டார்.

தேர்தலுக்கு முந்திய வியாழக்கிழமை, அவள் வெஸ்ட்லியில் இடைவேளையில் நின்றபோது அருட்செல்வம் தேடி வந்தார். நிலையத்துக்கு மேலே உள்ள வெதுப்பகத்தில் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து எதிரே இருந்தார். கெட்ட மனுசனில்லை. இருபது வருசமாக அந்த வானொலியைச் சொந்த வேலைக்கு மேலால் இழுத்துக்கொண்டு வருபவர். ஒலிபரப்பு இல்லாத நாளில் கம்பிகளைத் தானே பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகுகிறவர்.

“கொறற்றி, ஒரு உதவி கேக்க வந்தனான்.”

“சொல்லுங்கோ அருள் அண்ணை.”

“கடைசி ஞாயிறு வருது. சனம் கொதிச்சுப்போய் நிக்குது. நீ அவ வெல்லுவா எண்டு சொல்லவேண்டாம். ஐம்பதுக்கு ஐம்பது எண்டு சொல்லிவிடன். ஒருத்தருக்கும் நோகாது. வென்றாலும் தோத்தாலும் உனக்குப் பிழையில்லை.”

“ஐம்பதும் ஒரு இலக்கம்தானே அண்ணை. எனக்கு ஐம்பது எண்டு பட்டா ஐம்பது எண்டு சொல்லுவன். படேல்லை.”

“எட்டுத்தானே வித்தியாசம்!”

“எட்டெண்டா அதை நீங்கள் விடுங்கோவன். ஏன் என்னை விடச் சொல்லுறியள்?”

அருட்செல்வம் கோப்பியைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினார். “உனக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? உனக்கு அங்கை வோட்டும் இல்லை, ஆக்களும் இல்லை. ஆரோ ஒரு நாட்டுக்காரர்.”

அப்போதுதான் கொறற்றி சொன்னாள். இவரிடம் சொல்வாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

“இரண்டாயிரத்தெட்டு சித்திரை மாதம் ஞாபகமிருக்கோ அண்ணை? மண்டபத்திலை பெரிய கூட்டம். நீங்கள்தான் ஒலிவாங்கி பூட்டினனீங்கள்.”

“ஓம்.”

“அதுக்கு முதல்நாள் எமல்டா எடுத்தவள். என்ர தங்கச்சி. விடத்தல்தீவிலை இருந்து. ‘அக்கா, சண்டை கிட்ட வருது. கடலாலை மன்னார்ப் பக்கம் போக ஒரு வள்ளம் இருக்கு, நாளைக்குப் போகுதாம். போறதோ, இருக்கிறதோ? நிலைமை திரும்புமோ?’ எண்டு கேட்டவள். என்ர குசினிச் சுவரிலை வரைபடம் ஒட்டியிருந்தனான். கிழமைக்குக் கிழமை ஆமி நிக்கிற இடத்துக்குக் கோடு போடுறனான். கோடு ஒரே பக்கமாத்தான் போச்சு. எனக்கு மனசுக்குள்ளை ஒரு கணக்கிருந்தது அண்ணை. திரும்புறதுக்குப் பத்திலை ஒண்டு. கூடினா ரெண்டு.”

அருட்செல்வம் கரண்டியை வைத்துவிட்டார்.

“நான் மண்டபத்துக்கு வந்தன். எல்லாரும் சொன்னவை, இது இயக்கம் பின்வாங்குற மாதிரிக் காட்டுற ஒரு தந்திரம், உள்ளை விட்டு அடிப்பினம், பத்துக்குப் பத்தும் நாங்கள்தான் எண்டு. ஒருத்தர் எழும்பி, அப்பிடியில்லைப் போலை கிடக்கு எண்டு சொன்னார். அவரைத் துரோகி எண்டு கத்தி வெளியிலை விட்டவை. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன். இரவு எமல்டாவுக்கு எடுத்து, ‘இரு, திரும்பும்’ எண்டு சொன்னன். என்ர கணக்கைச் சொல்லேல்லை. மண்டபத்தின்ர கணக்கைச் சொன்னன்.”

“கொறற்றி…”

“அவள் இருந்திட்டாள். அடுத்த பங்குனி மாத்தளனிலை செல் விழுந்து அவளும் புருசனும் போச்சினம். பிள்ளையளிலை மூத்தவன் மட்டும்தான் முகாமுக்கு வந்து சேர்ந்தவன். அதுக்கு முதல், இரண்டாயிரத்தெட்டுக் கடைசியிலைதான் அமெரிக்காத் தேர்தல். ரீவியிலை ஒருத்தன் வந்து, இவருக்கு நூறிலை இத்தனை, அவருக்கு இத்தனை எண்டு சிரிக்காமல் கோபப்படாமல் சொல்லுறான். பிழைச்சா அடுத்த நாள் வந்து பிழைச்சது எண்டும் சொல்லுறான். அவனை ஒருத்தரும் வெளியிலை இழுத்து விடேல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன். அண்டைக்குத் தொடங்கினது அண்ணை, இந்தக் கொப்பி.”

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு இன்னும் மூன்று நிமிசம் இருந்தது.

“நானும் அண்டைக்குக் கத்தினனான்,” என்றார் அருட்செல்வம். “அந்த மனுசனை வெளியிலை விட்ட நேரம்.”

“தெரியும். கண்டனான்.”

“ஆனா நிகழ்ச்சிக்கு நரேஷ் எண்டு ஒரு பெடியனையும் கூப்பிட்டிட்டன். தமிழ்நாட்டுப் பிள்ளை, தரவுகளோடை வேலை செய்யிறவன். நீ ஐம்பது சொல்லாட்டி அவனாவது சொல்லுவான் எண்டுதான். வேண்டாமெண்டா நீ வரவேண்டாம்.”

“வருவன்,” என்று எழும்பினாள் கொறற்றி. “கோப்பிக்கு நன்றி.”

நவம்பர் மூன்றாம் திகதி, ஞாயிறு. அன்று விடியவே எல்லோர் கைத்தொலைபேசியிலும் ஒரு செய்தி ஓடித் திரிந்தது. அயோவா என்ற மாநிலத்தில், பல வருசமாகப் பேர்பெற்ற ஒரு கணிப்பு, ஒருவரும் எதிர்பாராத விதமாக, ‘அவ’ மூன்று புள்ளி முன்னுக்கு நிற்கிறா என்று சொல்லியிருந்தது. மண்டபப் பக்கம் பொங்கல் தொடங்காத குறை. கொறற்றி அறைக்குள் நுழைந்தபோது நரேஷ் ஏற்கெனவே மடிகணினியோடு இருந்தான். முப்பது வயதிருக்கும். எழுந்து நின்று வணக்கம் சொன்னான்.

“அக்கா, உங்க புரோகிராம் எல்லாம் கேட்டிருக்கேன். உங்க தமிழ் எனக்குப் பாதிதான் புரியும், ஆனா நம்பர் முழுசாப் புரியும்.”

ஒலிபரப்புத் தொடங்கியது. அருட்செல்வம் முதலில் நரேஷைக் கேட்டார்.

“என் மாடல்ல கிட்டத்தட்ட சரிபாதிங்க. நாற்பதாயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன். பாதியில அவங்க, பாதியில அவர்.”

“தம்பி,” என்றாள் கொறற்றி, “முந்தின ரெண்டு ஜனாதிபதித் தேர்தலிலையும் கணிப்புகள் ஒரே பக்கமாத்தான் பிழைச்சது. அந்தாளுக்குக் குறைச்சுக் காட்டினது. அதைச் சேர்த்தனீங்களோ?”

“இல்லக்கா. இந்தத் தடவை அவங்க அதைச் சரி பண்ணியிருப்பாங்கன்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டு தடவை நடந்ததை வச்சு மூணாவதும் அப்படித்தான்னு சொல்ல முடியாதே.”

“அது சரியான கதை. அதுதான் நான் எண்பது எண்டு சொல்லேல்லை. ஐம்பத்தெட்டு எண்டுதான் சொன்னனான். அதோடை, சாமான் விலை ஏறின நாடுகளிலை எல்லாம் ஆட்சியிலை இருக்கிறவை அடிவாங்கிக்கொண்டு வரினம். அதுக்கும் கொஞ்சம் போட்டனான்.”

நரேஷ் தலையாட்டினான். “ஒத்துக்கிறேன். நான் சொல்ற ஐம்பதுக்கும் அக்கா சொல்ற நாற்பத்திரண்டுக்கும் நடுவுல சண்டை போட ஒண்ணுமே இல்லைங்க. ரெண்டு பேரும் சொல்றது, யாரும் இப்பவே இனிப்பு வாங்காதீங்கன்னுதான்.”

சண்டை வரும் என்று காத்திருந்த தொலைபேசி விளக்குகள் ஒரு கணம் ஓய்ந்துபோயின. பிறகு மினுங்கத் தொடங்கின.

“அயோவா?” என்றது கிறிஸ்ரி அக்காவின் குரல். “அதுக்கு என்ன சொல்லுறீர்? இண்டைக்காவது மாத்துவீரோ?”

“மாத்தினனான் அக்கா. இண்டைக்கு நாற்பத்திநாலு.”

“ரெண்டோ? இவ்வளவு பெரிய சேதிக்கு ரெண்டே ரெண்டோ?”

“நல்ல பேருள்ள கணிப்புத்தான், ஆனா ஒண்டு. இந்தக் கிழமை வந்த மற்றது ஒண்டும் அப்பிடிச் சொல்லேல்லை. ஒண்டுக்கு ரெண்டு கூட்டினன். என்னாலை அவ்வளவுதான் ஏலும்.”

அடுத்து ஒரு ஆண்குரல். பேர் சொல்லவில்லை. “உன்னை மாதிரி ஆக்களாலைதான் தமிழன் உருப்படேல்லை. நீ ஒரு துரோகி.”

அருட்செல்வத்தின் கை இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது. கொறற்றி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணை, உந்தச் சொல்லுக்கு நான் ஒருக்காப் பயந்தனான்,” என்றாள் அழைத்தவரிடம். “பயந்து, வாயைப் பொத்தி, பொய்யும் சொன்னனான். அதுக்குரியதைக் குடுத்து முடிச்சிட்டன். இனி உந்தச் சொல்லாலை என்னை அசைக்க ஏலாது. என்ர பேர் மரியகொறற்றி. நான் அம்மருட்டிலை இருக்கிறன். உங்கட பேரையும் சொல்லிப்போட்டு, திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்.”

மறுமுனையில் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

“எல்லாருக்கும் ஒண்டு சொல்லுறன்,” என்று அவள் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தாள். “எனக்கும் அவ வெல்லவேணும் எண்டுதான் ஆசை. என்ர மகளுக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை. ஆனா என்ர ஆசையைக் கொப்பியிலை எழுத நான் இஞ்சை வரேல்லை. நீங்கள் கேக்கிறதைச் சொல்லத்தான் ஆள் வேணுமெண்டா, வேறை ஆள் பாருங்கோ. நான் இருக்குமட்டும் எண்ணினதைத்தான் சொல்லுவன்.”

நரேஷ் மெதுவாக மேசையில் தட்டினான். அது கைதட்டலா, பழக்கமா என்று தெரியவில்லை.

புதன்கிழமை அவளுக்குக் காலை வேலை. ஓட்டும்போது கைத்தொலைபேசி அணைத்திருக்க வேண்டும். குரூறுட் தாண்டி வண்டி மலைக்குள் நுழைந்து, பாறைக்குள் குடைந்த றொம்சோஸ் நிலையத்தில் நின்று, மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. ஏறி இறங்கிய சனத்தின் முகங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனாள். எல்லோரும் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. வெஸ்ட்லியில் வண்டியை நிறுத்தி, தொலைபேசியைப் போட்டாள். நரேஷிடமிருந்து ஒரு வரி. “அக்கா, பென்சில்வேனியா போச்சு.”

அது போனால் மற்றது எல்லாம் போகும் என்று அவளுக்குத் தெரியும். கொப்பியின் முதற்பக்கத்தில் அதைத்தான் எழுதியிருந்தாள். இருக்கையில் சாய்ந்து இருந்தாள். தான் சொன்னது நடந்தது என்ற எண்ணம் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதில் ஒரு சுகமும் இல்லை. முந்திய இரவு படுக்கப் போகும்போது, நாற்பத்திநாலு சின்ன இலக்கமில்லை, நாற்பத்திநாலு நடக்கக்கூடியது என்று தனக்குத்தானே எத்தனை தரம் சொன்னாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு வண்டியை எடுத்தாள்.

பின்னேரம் வீட்டில் நிலூஜா சோபாவில் கம்பளியால் மூடிக்கொண்டு கிடந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“இப்ப சந்தோசமோ அம்மா? சரியாச் சொல்லிப்போட்டியள்.”

“நான் சரியாச் சொல்லேல்லை, பிழையாவும் சொல்லேல்லை. நேற்று முழுக்க நானும் அந்த நாற்பத்திநாலைத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.”

நிலூஜா எழும்பி இருந்தாள். “நீங்களோ?”

“பின்னை? வானொலியிலை சொன்னனானே.”

“நான் கேக்கேல்லை. கோவத்திலை நிப்பாட்டிப்போட்டன்.”

கொறற்றி அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். வியாழக்கிழமை வெஸ்ட்லியில் அருட்செல்வத்துக்குச் சொன்னதை மகளுக்கும் சொன்னாள். எமல்டா என்று ஒரு சித்தி போரில் செத்தது நிலூஜாவுக்குத் தெரியும். வள்ளத்தையும் அந்தத் தொலைபேசி அழைப்பையும் அவள் அறிந்ததில்லை. கேட்டு முடிந்ததும் ஆறுதல் சொல்லவில்லை. “நீங்கள் எனக்கு முதலே சொல்லியிருக்கவேணும்,” என்று கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனாள்.

அரிசியும் பயறும் வாங்கியாகிவிட்டதால் ஞாயிறு மண்டபத்தில் புக்கை பொங்கத்தான் செய்தார்கள். மேசைகள் திரும்ப விலகிப் போயிருந்தன. சாப்பாட்டுக்கு முதல் அருட்செல்வம் ஒலிவாங்கியைப் பிடிக்க, நிர்வாகசபை முடிவு செய்தபடி கிறிஸ்ரி அக்கா ஒரு பொன்னாடையோடு மேடைக்கு வந்தார்.

“நாங்கள் எல்லாரும் பிழையாக நினைக்க, நடக்கப்போறதை முன்கூட்டியே அறிவிச்ச எங்கட கொறற்றியை…”

கைதட்டல் பலமாக எழுந்தது. ஒரு மாதமாக முகம் கொடுக்காதவர்கள் எல்லாம் தட்டினார்கள். கொறற்றி மேடையில் ஏறினாள். சால்வை தோளுக்கு வருமுன் அதைக் கையால் மறித்தாள்.

“இது எனக்கு வேண்டாம். அவர் வெல்லுவார் எண்டு நான் ஒரு நாளும் அறிவிக்கேல்லை. அவ வெல்ல நாற்பத்திநாலு வாய்ப்பு இருக்கெண்டு சொன்னனான். அவ வென்றிருந்தா நீங்கள் என்னை இதே மேடையிலை ஏத்திச் சிரிச்சிருப்பியள். அப்பவும் என்ர இலக்கம் பிழையாகியிராது. இரண்டாயிரத்து இருபத்திரண்டிலை அவையின்ர செனற் சபை கைமாறும் எண்டு எழுபது குடுத்தனான். மாறேல்லை. அதையும் எழுதி வைச்சிருக்கிறன். அதுக்கும் சேர்த்துப் பொன்னாடை போடுவியளெண்டா போடுங்கோ.”

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ‘மரியாதை செய்தாலும் குற்றமோ’ என்று பின்னாலிருந்து ஆரோ சத்தமாகவே கேட்டார்கள். கிறிஸ்ரி அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ன கொறற்றி, எல்லாருக்கும் முன்னாலை என்னை அவமானப்படுத்துறீரோ?”

“இல்லை அக்கா. எனக்குச் சால்வை வேண்டாம். அண்டைக்குக் கோயிலிலை சமாதானம் சொல்ல நான் நீட்டின கையை நீங்கள் பிடிக்கேல்லை. தரவேணுமெண்டா அதைத் தாங்கோ.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கிறிஸ்ரி அக்கா சால்வையைக் கக்கத்தில் இடுக்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருமுறை அருட்செல்வத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். “சமாதானம்,” என்றார் எரிச்சலோடு. கொறற்றி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். மண்டபத்தின் கடைசி வரிசையில் நிலூஜா மட்டும் எழுந்து நின்று தட்டினாள். பக்கத்தில் புக்கைத் தட்டோடு நின்ற நரேஷ் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினான்.

சனம் அவளில் முழுதாகச் சமாதானமாகவில்லை. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையுமில்லை. பத்து நிமிசம் அரை மணியானது. நரேஷும் கூட வந்து இருந்தான். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் போன தடவை பிழைத்ததை வாசிக்கவேண்டும் என்று அவள் நிபந்தனை போட்டாள். அருட்செல்வம் சம்மதித்தார்.

மாசி மாதம் வடவொளி வானொலியின் தலைவர் தெரிவு வந்தது. அருட்செல்வத்தை எதிர்த்து ஒரு இளைஞர் அணி நின்றது. நேயர் ஒருவர் பகிடியாகத் தொலைபேசியில் கேட்டார்: “கொறற்றி அக்கா, உங்கட தலைவருக்கு எத்தனை குடுப்பியள்?”

அருட்செல்வம் எதிரேதான் இருந்தார். கொறற்றி உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். அடுத்த ஞாயிறுவரை எண்ணினாள். ஆர் ஆரோடு கதைக்கிறார்கள், போன தெரிவில் ஆர் வந்தார்கள், ஆர் வரவில்லை. ஞாயிறு வந்து ஒரு துண்டுத்தாளை மேசைக்குக் குறுக்கே தள்ளினாள். அருட்செல்வம் எடுத்துப் பார்த்தார். காது சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தானே ஒலிவாங்கியில் வாசித்தார்.

“வடவொளி வானொலித் தலைவர் தெரிவு. அருட்செல்வம்: நூறிலை முப்பது.”

பதினொரு வாக்குகளால் அவர் வென்றார். அன்று மாலையே அவளுக்கு எடுத்தார்.

“பார்த்தியோ கொறற்றி! முப்பதெண்டு சொன்னனீ!”

“முப்பதெண்டா முப்பதுதான் அண்ணை. பூச்சியம் எண்டு நான் சொல்லேல்லை. வாழ்த்துக்கள். வாற ஞாயிறு தொடக்கத்திலை என்ர முப்பதை மறக்காமல் வாசியுங்கோ.”